கெயினை முழுக்கத் திறந்தது யார்?

ஜனவரி 11

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நானும் அத்தானும் நலம். அங்கே நீ, உன் வீட்டுக்காரி, உங்களோடு சேர்ந்து குடித்தனம் நடத்தும் அந்த முதுகு வலி, மூன்று பேரும் எப்படி இருக்கிறீர்கள்?

நாலு வருஷமாக வாழ்த்து அட்டையோடு நிறுத்திக்கொண்டவள் திடீரென்று ஒரு பெட்டியை அனுப்பியிருக்கிறாளே என்று யோசிப்பாய். பார்சல் வண்டியில் வந்திருப்பது அத்தானுடைய பழைய மைக்செட் மிக்ஸர். ஆறு மைக் மாட்டுகிற அதே பெட்டிதான். பார்த்ததும் உனக்குக் கோபம் வரும், தெரியும். கோபத்தை ஓரமாக வைத்துவிட்டு வேலையைப் பார்.

சுவிட்சைப் போட்டதுமே 'உஸ்ஸ்' என்று ஒரே இரைச்சல். சூடான கல்லில் யாரோ தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்கிற மாதிரி. மற்ற ஐந்து மைக் எக்கேடு கெட்டாலும் எனக்குக் கவலையில்லை. முதல் மைக் மட்டும் சுத்தமாக வேண்டும். அதில் வருகிற சின்னச் சத்தம்கூட, கீழே கடையில் நான் தைத்துக்கொண்டிருக்கும்போது எனக்குக் கேட்க வேண்டும். எதற்கு என்று கேட்காதே. உனக்கு எதற்கெடுத்தாலும் ஒரு 'எதற்கு' உண்டு.

போன் பண்ணாதே. போன் மாடியில் அத்தான் தலைமாட்டில் இருக்கிறது. அவர் இப்போதெல்லாம் பேச்சைக் குறைத்துக்கொண்டிருக்கிறார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அக்கா


ஜனவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்று பேரும் நலம். மூன்றாவது ஆள் ரொம்பவே நலம்.

வெண்கலம் பேச்சைக் குறைத்துவிட்டாரா? பூனை சைவமாகிவிட்டது என்று சொல், நம்புகிறேன். ஊரே 'வெண்கலம்' என்று பெயர் வைத்த தொண்டை அது. அவர் மைக்கைப் பிடித்து 'ஹலோ' என்றால் அடுத்த தெருவில் தூங்குகிறவன் 'என்ன?' என்று எழுந்து வருவான்.

பெட்டியைத் திறந்ததும், நானும் அவரும் சேர்ந்து மைக்செட் கட்டிய அந்தப் பள்ளிக்கூட ஆண்டு விழா ஞாபகத்துக்கு வந்தது. மறந்துவிட்டாயா? நான் மறக்கவில்லை. மைதானம் நிறைய ஆட்கள். ஸ்பீக்கர் திடீரென்று 'கொர்'ரென்று கத்துகிறது. எர்த் வயர் பிடுங்கிக் கிடக்கிறது. நான் பிடுங்கவில்லை. உன் வீட்டுக்காரர் கையில் மைக் ஆனில் இருக்கிறது என்ற நினைப்புகூட இல்லாமல், "அறிவு கெட்டவனே, இனிமே என் வாசல்ல காலை வைக்காதே" என்றார். தலைமையாசிரியர் முதல் சைக்கிளுக்குக் காவல் நின்றவர் வரை கேட்டார்கள். அன்று இறக்கிய காலை நான் இன்னும் ஏற்றவில்லை. ஏற்றவும் மாட்டேன்.

இந்த இரைச்சலைப் பற்றி அதற்கும் முன்பே அவரிடம் சொன்னேன். மைக்கிலிருந்து வருவது எறும்பு நடக்கிற அளவுச் சத்தம். அதை முதன்முதலில் பெரிதாக்குவது, ஆப்-ஆம்ப் என்று நாங்கள் சொல்லும் எட்டுக் கால் ஐசி ஒன்று. அந்த ஐசியே மூச்சிரைத்தால் அதன் மூச்சும் சேர்ந்து பெரிதாகும். மாற்றிவிடுவோம் என்றேன். "என் குரலுக்கு முன்னாடி இரைச்சல் எம்மாத்திரம்டா?" என்று சிரித்தார்.

இப்போது மாற்றிவிட்டேன். கடையில் இருப்பதிலேயே விலை உயர்ந்த ஐசி. ஒட்டிக்கொண்டிருந்த மிச்ச இரைச்சலையும் விடவில்லை. 'உஸ்' என்பது மெல்லிய, உச்சத்துச் சத்தம். ஒரு கெபாசிட்டர் வைத்து அந்த உச்சத்தையே வெட்டிவிட்டேன். அடித்தொண்டை ஆசாமிக்கு அதெல்லாம் தேவையில்லை.

ஒரே ஒரு சந்தேகம். முதல் மைக்கின் கெயின் குமிழ் கடைசிவரை திருப்பியிருந்தது. கெயின் என்றால், மைக் எந்த அளவு காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறது என்பது. அத்தான் குரலுக்குக் கால் திருப்பே அதிகம். முழுக்கத் திறந்தால் ஸ்பீக்கர் கிழிந்துவிடும். யார் திறந்தது?

தம்பி


பிப்ரவரி 8

அன்புள்ள தம்பிக்கு,

நலம்தானே? பெட்டி வந்தது. மாட்டினேன். மாட்டியதும் எனக்குத் தலைவலி வந்தது.

இரைச்சல் போய்விட்டது, ஒத்துக்கொள்கிறேன். கூடவே எல்லாம் போய்விட்டது. போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு யாரோ முனகுகிற மாதிரி இருக்கிறது. பேசுகிறதா, பேசவில்லையா என்றே தெரியவில்லை. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதையாகப் பண்ணி வைத்திருக்கிறாய். எனக்கு இரைச்சல் போக வேண்டும். சத்தம் போகக் கூடாது. இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமலா இத்தனை வருஷம் சால்டரிங் புகையைக் குடித்தாய்?

குமிழை நான்தான் திருப்பியிருப்பேன். துடைக்கும்போது.

வயர் நீளமாக இருந்தால் இரைச்சல் கூடுமா? மாடியிலிருந்து படி வழியாகக் கடைக்கு வருகிற நீளம். கூடுமென்றால் நல்ல வயராக வைத்து அனுப்பு. 'எதற்கு' வேண்டாம்.

தைக்க வந்த சீருடைகள் மலையாகக் கிடக்கின்றன. அதற்கு நடுவில் இதற்கும் அதற்குமாக மாடிப்படி ஏறி இறங்கி என் முழங்காலும் உன் முதுகோடு போட்டிக்கு வருகிறது. நேற்று ஒருவருடைய கால்சட்டையை இன்னொருவர் அளவுக்கு வெட்டிவிட்டேன். சீக்கிரம் சரிசெய்து அனுப்பு, புண்ணியமாகப் போகும்.

அக்கா


பிப்ரவரி 23

அன்புள்ள அக்காவுக்கு,

உன் முழங்காலுக்கு என் அனுதாபம். என் பொறுமைக்கு யார் அனுதாபப்படுவது?

ஐசி மாற்றினேன், வேலை செய்கிறது, அதற்கும் ஒரு குறை. நீ வாடிக்கையாளரிடம் படுகிற பாட்டையெல்லாம் என்னிடம் இறக்குகிறாய். என்ன சத்தம், யாருடைய சத்தம், எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறது என்று சொன்னால்தானே அதற்கேற்ற மாதிரி செய்ய முடியும்? மருத்துவரிடம் போய் எங்கே வலிக்கிறது என்று சொல்லமாட்டேன், மருந்து மட்டும் கொடு என்கிற மாதிரி இருக்கிறது.

பொறுக்க முடியாமல் முந்தாநாள் போன் பண்ணினேன். நீ வேண்டாம் என்றாய், தெரியும். எடுத்தது அவர்தான். "ஹலோ" என்றேன். பதில் இல்லை. "அத்தான், நான்தான்" என்றேன். நாலு வருஷத்துக்குப் பிறகு 'அத்தான்' என்று கூப்பிட்டேன், அக்கா. அந்தப் பக்கம் காற்று ஊதுகிற மாதிரி 'ஹ், ஹ்' என்று ஏதோ. பிறகு டக்கென்று வைத்துவிட்டார். ஊரையே கூப்பிட்ட வாய்க்கு என்னை ஒரு வார்த்தை கூப்பிட வலிக்கிறது. இன்னும் திமிர் அடங்கவில்லை. இனி என் பக்கத்திலிருந்து ஒரு 'ஹலோ'கூட வராது.

பெட்டிக்கு வருகிறேன். நீ கேட்டபடி கெபாசிட்டரை எடுத்துவிட்டேன். அதற்குப் பதில் உள்ளே ஒரு சின்ன போர்டு வைத்திருக்கிறேன். காவல்காரன் மாதிரி. மைக்கில் பேச்சு வந்தால் கதவைத் திறப்பான், பேச்சு இல்லையென்றால் சாத்திவிடுவான். ஆகவே சும்மா இருக்கும் நேரத்தில் 'உஸ்' என்ற பேச்சே கிடையாது. வெண்கலம் மாடியில் ஒரு தும்மல் போட்டால் கதவு பெயர்த்துக்கொண்டு திறக்கும்.

நல்ல வயரும் வைத்திருக்கிறேன். இதற்குமேல் புகார் வாங்கப்படமாட்டாது.

தம்பி


மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

பெட்டி கிடைத்தது. மாட்டிவிட்டேன். அமைதியாக இருக்கிறது. இவ்வளவு அமைதி எனக்குப் பழக்கமில்லை, பழகிக்கொள்வேன்.

போனை அவர் திமிரில் வைக்கவில்லை. அதற்குமேல் எழுதக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறார்.

உன் வீட்டுக்காரியைக் கேட்டதாகச் சொல்.

அக்கா


மார்ச் 12

தம்பி,

நலம் விசாரிக்க இன்று எனக்கு மனசில்லை.

அவர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். எனக்குக் கேட்கவில்லை.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கீழே வந்து மெஷினில் உட்கார்ந்தேன். ஸ்பீக்கர் கப்சிப் என்று இருந்தது. தூங்குகிறார், நல்ல தூக்கம் என்று சந்தோஷமாகத் தைத்தேன். கையில் இருந்த உருப்படிகளை முடித்தும்விட்டேன். சாயங்காலம் விளக்குப் போட மாடிக்குப் போனால் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் தரையில் கிடக்கிறார். ஜன்னல் கதவைச் சாத்த எழுந்தவர் கால் இடறி விழுந்திருக்கிறார். மைக்கைக் கெட்டியாக உதட்டோடு பிடித்துக்கொண்டிருக்கிறார். என்னைப் பார்த்த பிறகும் அதில்தான் பேசுகிறார்.

இனி மறைத்து என்ன ஆகப் போகிறது? போன வருஷக் கடைசியில் அவருக்குத் தொண்டையில் ஆபரேஷன். கட்டியோடு குரலையும் எடுத்துவிட்டார்கள். உயிருக்குப் பயமில்லை என்றார் மருத்துவர், அதற்குப் பிறகு சொன்னது எதுவும் எங்கள் காதில் ஏறவில்லை. இப்போது அவரிடம் இருப்பது வெறும் காற்று. கிசுகிசுப்பு. அதுவும் காதைக் கொண்டுபோய் வைத்தால்தான் கேட்கும். உன் வெண்கலம் பேச்சைக் குறைத்துக்கொண்டது இப்படித்தான்.

ஒரு மணி வாங்கி வைத்தேன். "நான் என்ன ஆஸ்பத்திரி நோயாளியா, மணி அடிச்சுக் கூப்பிட?" என்று அதை ஜன்னல் வழியே விட்டெறிந்தார். மைக் என்றதும்தான் கையை நீட்டினார். கெயினை முழுக்கத் திறந்தது அவர்தான். அவருக்கே தெரியுமே, எவ்வளவு வேண்டும் என்று.

அந்த மைக் வந்த பிறகுதான் அவர் கொஞ்சம் மனுஷனானார். ஜன்னல் பக்கம் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டு எனக்கு அறிவிப்பு சொல்வார். "ஜிப் மாத்த வந்த வாத்தியார் வர்றார், போன தடவை சண்டை போட்டவர், உஷார்." "பால்காரர் இன்னிக்கும் புதுச்சட்டை, நம்ம கடையில தைச்சது இல்ல." இரைச்சலுக்கு நடுவில் பாதி கேட்கும், பாதி கேட்காது. அந்தப் பாதியும் கேட்கட்டும் என்றுதான் பெட்டியை உனக்கு அனுப்பினேன்.

நீ என்ன செய்தாய்? மிச்சமிருக்கிற அந்தக் காற்றைத்தான் முதலில் வெட்டினாய். பிறகு அதற்கே கதவைச் சாத்தினாய்.

அவரைத் தூக்கி உட்காரவைத்தேன். கோபப்படுவார் என்று பார்த்தேன். கோபமே இல்லை. "உன் தம்பி வேலைன்னா வேலைதான். என்னையே இரைச்சல்னு வெட்டிட்டான்" என்று சிரிக்கப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். "நாலு பேர் கேட்கத் திட்டினவன் நான். இப்போ அவன்கிட்டே போய்க் கிசுகிசுக்கவா?" என்றார். நீ போன் பண்ணிய அன்று உன்னை "மாப்ளே" என்று கூப்பிட்டாராம். மூன்று தடவை.

எலும்பு எதுவும் முறியவில்லை. பெட்டி நாளைக்குப் பார்சலில் வருகிறது. நான் பெட்டி இல்லாமல் ஒவ்வொரு சட்டைக்கும் ஒரு தடவை மாடி ஏறுகிறேன்.

அக்கா


மார்ச் 30

அன்புள்ள அக்காவுக்கு,

அவருக்கு வலி குறைந்ததா? உன் முழங்கால்?

முதலில் என்னைத் திட்டிக்கொண்டேன். நான் என்னைத் திட்டியது போதவில்லை என்று என் வீட்டுக்காரியும் திட்டினாள். அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

கெயின் முழுக்கத் திறந்திருந்ததைப் பார்த்த அன்றே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். குழந்தைகூடச் சொல்லிவிடும். ஆனால் அந்தக் குரலுக்குக் கெயின் தேவைப்படும் என்று எனக்குக் கற்பனையே வரவில்லை. இந்த உலகத்தில் எல்லாம் தேய்ந்தாலும் வெண்கலம் தேயாது என்று நினைத்துத்தான் நாலு வருஷம் கோபமாக இருந்தேன். கோபப்படுவதற்கு ஆள் அங்கேயே திடமாக இருப்பார் என்ற தைரியம்.

காவல்காரனைப் பிடுங்கி எறிந்துவிட்டேன். பிறகு அவளைப் பின்பக்க அறையில் மைக்கோடு உட்காரவைத்து, கிசுகிசுக்கச் சொன்னேன். "என்னத்தைச் சொல்ல?" என்றாள். "ஏதாவது சொல்லு" என்றேன். அவ்வளவுதான். கல்யாணமான நாளிலிருந்து பாக்கி இருந்ததையெல்லாம் கிசுகிசுப்பிலேயே எடுத்துவிட்டாள். நான் முன்னறையில் ஐசியை மாற்றி மாற்றி மாட்டிக் கேட்டேன். முதலில் போட்ட விலை உயர்ந்த ஐசி அதிவேக ரகம். இந்தப் பழைய போர்டில் நிற்க முடியாமல் தனக்குத்தானே நடுங்கிச் சூடாகிறது. கடைசியில் டப்பாவின் அடியில் கிடந்த ஒரு சாதாரண ஐசிதான் பொருந்தியது. அதன் காலடியிலேயே ஒரு சின்ன கெபாசிட்டர் வைத்தேன், கரண்ட் ஆடாமல் இருக்க. நெஞ்சில் குத்துகிற மாதிரி ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. "அவர் போனை வெச்ச அன்னிக்கு நீங்க என்ன சொன்னீங்க, ஞாபகம் இருக்கா?" என்பது உட்பட.

ஒன்று தெரிந்துகொண்டேன். கிசுகிசுப்பும் 'உஸ்' சத்தமும் ஏறக்குறைய ஒரே காற்றுத்தான். ஒன்றை வெட்டினால் மற்றதும் போகும். அதனால் எதையும் வெட்டவில்லை. இரைச்சல் பிறக்கிற இடத்தில் மட்டும் கை வைத்திருக்கிறேன். கொஞ்சம் 'உஸ்' இருக்கும். இருக்கட்டும். அது கேட்கிறவரை பெட்டி விழித்திருக்கிறது என்று அர்த்தம். அது நின்றால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு மாடிக்கு ஓடு.

கெயின் குமிழைக் கடைசிவரை திருப்பி, யாரும் துடைக்கும்போது 'திருப்பிவிடாமல்' இருக்க ஒரு சொட்டு நகப்பூச்சு வைத்திருக்கிறேன்.

எனக்குத் தெரியும் என்று அவரிடம் சொல்லாதே. நான் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறேன் என்று சொல். அப்போதுதான் அவருக்கு நிம்மதியாக இருக்கும். வந்து பார்க்க வேண்டும் போல இருக்கிறது. ஆனால் 'வாசல்ல காலை வைக்காதே' என்று சொன்னவர் அவர். அவர் கூப்பிடாமல் நான் வந்து நின்றால், பாவப்பட்டு வந்தேன் என்று ஆகிவிடும். அதை அவர் தாங்கமாட்டார்.

தம்பி


ஏப்ரல் 10

அன்புள்ள தம்பிக்கு,

அவருக்கு வீக்கம் வடிந்துவிட்டது. என் முழங்காலும் இருக்கிறது.

பெட்டியை மாட்டினேன். சன்னமாக 'உஸ்' என்று இருந்தது. கொஞ்ச நேரத்தில், "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று வந்தது பார், அளவு கொடுக்க நின்றிருந்த அம்மா திரும்பிப் பார்த்தார். உடனே அடுத்தது: "அந்தம்மா கையில இருக்கிற துணி சாயம் போகும், சொல்லிடு." நான் அளவு நாடாவைப் போட்டுவிட்டு உள்ளே போய் அழுதுவிட்டு வந்தேன்.

இதோடு கடிதத்தை முடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். முடியவிடுகிறீர்களா நீங்கள் இரண்டு பேரும்?

இவ்வளவு சுத்தமாக எப்படி வந்தது என்று பார்க்கிறேன் பேர்வழி என்று, சுவரைப் பிடித்துப் பிடித்துப் படியிறங்கி வந்துவிட்டார். ஆபரேஷனுக்குப் பிறகு முதல் தடவை. பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தார். கெயின் குமிழைத் தொட்டார். திரும்பவில்லை. குனிந்து நகப்பூச்சைப் பார்த்தார். "அவனுக்குச் சொல்லிட்டியா?" என்றார். இல்லை என்றேன். என் முகத்தைப் பார்க்கவே இல்லை. முழுக்கத் திறந்து பூட்டியிருக்கிற குமிழைப் பார்த்தால் ஒரு மைக்செட்காரருக்கு வேறு யாரும் சொல்ல வேண்டுமா? உன்னை எவன் அதற்குச் சாயம் பூசச் சொன்னான்?

அன்றிலிருந்து மைக்கில் ஒரு வார்த்தை இல்லை. வாத்தியார் வந்தார், பால்காரர் போனார், அறிவிப்பு இல்லை. மேலே உட்கார்ந்து ஏதோ எழுதுகிறார், கிழிக்கிறார். பெட்டி மட்டும் 'உஸ்' என்று விழித்துக்கொண்டிருக்கிறது. நீ செய்ததிலேயே நல்ல வேலை இது. அதில் இப்போது பேச ஆள் இல்லை.

என்ன செய்யட்டும், சொல்.

அக்கா


ஏப்ரல் 16

மாப்பிள்ளைக்கு,

இங்கே நலம் என்று எழுதுவது வழக்கம். எழுதிவிட்டேன். அங்கே எப்படி?

முதல் மைக்கில் 'ம்ம்' என்று ஹம் வருகிறது. எர்த் சரியில்லை. பெட்டியைப் பார்சலில் வாங்கி, பார்சலிலேயே வைத்தியம் பார்த்தால் இப்படித்தான் ஆகும். எர்த்தைத் தபாலில் அனுப்ப முடியாது. அதற்கு ஆள் நேரில் வந்து, வயர் ஓடுகிற வழியைப் பார்த்து, படிக்குப் படி குனிந்து தேட வேண்டும். உன் முதுகு வலியை எனக்குக் காரணமாகச் சொல்லாதே.

இன்னொன்று. ஆண்டு விழாவில் நான் சொன்னதை மைக்கில் சொன்னேன். ஆகவே அதை மைக்கில்தான் வாபஸ் வாங்க முடியும். கடிதத்தில் வாபஸ் வாங்கினால் செல்லாது. கேட்க வேண்டுமானால் உன் அக்கா கடையில் ஸ்பீக்கர் பக்கத்தில் வந்து நில். அன்றைக்குப் போல ஊர் முழுக்கக் கேட்காது. பக்கத்தில் நிற்கிறவனுக்குக் கேட்கும். உன் வேலையின் தரத்தைப் பொறுத்தது.

குமிழில் பூசிய நிறம் சகிக்கவில்லை.

இப்படிக்கு,
அத்தான்

பின்குறிப்பு: தம்பி, இதை உறையில் போட்டு ஒட்டச் சொல்லி என்னிடம்தான் கொடுத்தார். காலையிலிருந்து மெஷினை நிறுத்திவிட்டு ஸ்பீக்கரில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஹம்மும் இல்லை, ஒன்றும் இல்லை. ஆனாலும் எர்த் வயரை மறக்காமல் எடுத்து வா. வெறுங்கையோடு வந்து நின்றால் அவருக்குக் கோபம் வரும். — அக்கா